டச்சுக் கதவு: ஒரு ஆடிக்காற்றும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்த பிறகு எழுதுகிறேன்

கதவு மாட்டிப் பத்து மாதம் ஆகிறது. மாட்டிய வாரமே எழுதியிருக்கலாம். ஆனால் தென்காசிப் பக்கம் எங்கள் கடையத்தில் ஒரு கதவைப் பற்றி வாய் திறக்க வேண்டுமென்றால் அது ஒரு ஆடிக்காற்றையும் ஒரு ஐப்பசி அடைமழையையும் தாண்டி நின்றிருக்க வேண்டும், அதனால் காத்திருந்தேன். இப்போது தைரியமாகச் சொல்கிறேன், நல்ல கதவு. செய்து கொடுத்த ஆசாரி நல்ல வேலைக்காரர். எவ்வளவு ஆனது, எங்கே குறை, யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என்ன கதவு என்று சொல்லிவிடுகிறேன். குறுக்கே இரண்டாகப் பிரிந்த கதவு. கீழ்ப் பாதியைத் தாழ் போட்டுவிட்டு மேல் பாதியை மட்டும் திறந்து வைக்கலாம். காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும், ஆடும் கோழியும் வராது, தவழுகிற பிள்ளை வெளியே இறங்கிப் போகாது. இரண்டையும் ஒரு கொண்டியால் சேர்த்துவிட்டால் ஒற்றைக் கதவு போலவே திறந்து மூடும். அமெரிக்காவில் இதற்கு டச்சுக் கதவு என்றே பெயர். இங்கிலாந்தில் குதிரை லாயக் கதவு என்கிறார்கள்.

நான் இதைப் பார்த்தது அமெரிக்காவில்தான். மகள் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போய் ஆறு மாதம் இருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை வெளியே கூட்டிப்போக ஆரம்பித்தார். முப்பத்தொரு வருஷம் வரலாறு பாடம் எடுத்தவள் என்று அவருக்குத் தெரியும், அதனால் கடை கடையாகக் கூட்டிப்போகாமல் பழைய வீடுகளாகப் பார்த்துக் கூட்டிப்போனார். அப்படித்தான் புரூக்ளினில் வைக்காஃப் வீட்டுக்குப் போனோம். அதன் பழைய பகுதி 1652 வாக்கில் கட்டியது. நியூயார்க் நகரத்தில் இன்றைக்கு நிற்கிற கட்டடங்களிலேயே அதுதான் மிகப் பழையது. 1637இல் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த பீட்டர் கிளாசன் என்பவரின் வீடு. இரண்டு கால் நட்டு, தலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு உத்திரத்தைக் கோத்து, அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிறுத்தி அதன் மேல் கூரை ஏற்றியிருக்கிறார்கள். அது டச்சுக்காரர்களின் கட்டு முறை. சுவரெல்லாம் மரச்சில்லு. இறவாரம் நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்து, நன்றாக முன்னால் நீண்டிருக்கும். வாசலில் இந்தக் கதவு. மேல் பாதி திறந்திருந்தது, நான் கீழ்ப் பாதியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தேன், அவ்வளவுதான், மனதில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இன்றைய மன்ஹாட்டனின் தென்கோடிதான் அவர்களுடைய நியூ ஆம்ஸ்டர்டாம், 1664இல் ஆங்கிலேயர்கள் கப்பல்களோடு வந்து நின்று பிடித்துக்கொண்டார்கள். புரூக்ளின் என்பதே ப்ரூகலன் என்ற டச்சு ஊரின் பெயர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கும் ஹார்லம் என்ற டச்சு ஊரின் பெயர்தான். நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள், டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது 1658. அதாவது ஒரு ஆறு வருஷம் தூத்துக்குடியும் மன்ஹாட்டனும் ஒரே நேரத்தில் அவர்கள் கையில். இங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, கம்பெனிதான் வேறு, ஆட்கள் ஒரே நாட்டு ஆட்கள். வகுப்பில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே நடத்தி முடித்துவிட்டேன், சேர்த்துச் சொல்ல அப்போது தோன்றவில்லை என்பதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. நாம் தினமும் சொல்கிற துட்டு, அவர்களுடைய ‘டௌட்’ என்ற செப்புக்காசுதான்.

கதவை விட என்னைப் பிடித்து நிறுத்தியது வாசல் படி. நியூயார்க்கில் பழைய வரிசை வீடுகளுக்கு முன்னால் தெருவிலிருந்து ஏறிப்போகிற படிக்கட்டுக்கு ஸ்டூப் என்று பெயர். சாயங்காலம் ஆனால் அதில் உட்கார்ந்துதான் பேச்சு. அந்த வார்த்தையும் டச்சு வார்த்தை. அதே வார்த்தைதான் டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையில் சிங்களத்தில் இஸ்தோப்புவ ஆகி, வீட்டு முன் தாழ்வாரத்தைக் குறிக்கிறது. ஆரம்பத்தில் ஸ்டூப் வெறும் படி இல்லை, கதவுக்கு இரண்டு பக்கமும் உட்காரப் பலகை உண்டு. 1749இல் பீட்டர் கால்ம் என்ற தாவரவியல்காரர், செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் முறை வகுத்த லின்னேயஸின் மாணவர், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி ஊருக்குப் போனபோது இதை எழுதி வைத்திருக்கிறார். கதவுக்கு இரு பக்கமும் இருக்கைகள், வானம் நன்றாக இருந்தால் ஜனங்கள் ஏறக்குறைய நாள் முழுக்க அங்கேதான், சாயங்காலம் ஆணும் பெண்ணுமாக எல்லா வாசலிலும் கூட்டம் என்று. கூரைத் தண்ணீரை நடுத்தெரு வரை நீட்டிய தூம்பில் விட்டிருந்தார்கள், சுவர் தப்பித்தது, தெருவில் போகிறவர்கள் நனைந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இதை மகள் படித்துக் காட்டியபோது எனக்கு எங்கள் கல்லிடைக்குறிச்சி ஆச்சி வீட்டுத் தெருதான் கண்முன் வந்தது. திண்ணை, திண்ணைக்கு நடுவில் நடை, நடையில் கதவு.

அமெரிக்காவில் டச்சு வீடு என்று யாரைக் கேட்டாலும் கூரையைத்தான் காட்டுவார்கள். மேலே சாய்வு கம்மியாக வந்து, பாதியில் ஒடிந்து, கீழே செங்குத்தாக இறங்கும் கூரை. ரிவர் எட்ஜ் என்ற ஊரில் ஸ்டூபன் வீடு என்று 1752இல் சிவப்பு மணற்கல்லில் கட்டிய ஒன்றைப் பார்த்தோம், அதற்கு அந்தக் கூரைதான். மகள் இருக்கிற தெருவிலேயே 1920களில் கட்டிய வீடுகள் நாலைந்துக்கு அதே கூரை. ஆனால் அந்தக் கூரை ஹாலந்திலிருந்து நேராக வந்து இறங்கியது அல்ல. முதலில் வந்த டச்சுக்காரர்கள் கட்டியது செங்குத்தான சாதாரண இருசரிவுக் கூரை, ஒடிந்த கூரை அமெரிக்காவில் பிற்பாடு பரவியது, ஆங்கிலேயர்களின் குடியேற்றங்களிலும் அது இருந்தது. என்னைக் கேட்டால் டச்சுக்காரர்கள் அங்கே விட்டுப்போனதில் உண்மையான சொத்து படியும் கதவும்தான். இரண்டும் வாசலில் இருப்பவை, வீட்டுக்காரரையும் தெருவில் போகிறவரையும் பேச வைப்பவை. அந்த வீடுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கியதையும் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முடிந்ததே 1827இல்தான். அந்தக் கதவை நாள் முழுக்கத் திறந்து மூடிய கைகளில் அவர்கள் கையும் உண்டு.

சரி, ஊருக்கு வருவோம். எங்கள் முன் திண்ணை ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டது. பின்வாசல் முடுக்கை, அதாவது பின்பக்கச் சந்தைப் பார்த்தது. அடுக்களையிலிருந்து இறங்கினால் கிணறு, முருங்கை, அடுத்த வீட்டு ஆடுகள். பின்கதவைத் திறந்தால் ஆடு உள்ளே வரும், மூடினால் அடுக்களை இருட்டு. இந்தக் கதவு அங்கேதான் வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஏமாந்தேன். டவுனில் ஒரு கடையில் போட்டோவைக் காட்டினேன், ‘இது என்ன பெரிய விஷயம்’ என்று இரண்டு பக்கமும் பிளை ஒட்டிய ஒரு ரெடிமேட் ஃப்ளஷ் கதவை நடுவில் ரம்பத்தால் அறுத்து மாட்டிவிட்டார்கள். ஃப்ளஷ் கதவுக்குச் சுற்றுச்சட்டம்தான் உயிர், நடுவில் அறுத்தால் அறுத்த இடத்தில் சட்டமே கிடையாது, உள்ளே இருக்கிற துண்டுக் கட்டைகள் வெளியே தெரியும். முதல் மழைக்கே உப்பி, பிளை பிரிந்து, மேல் பாதி கீழ்ப் பாதியின் மேல் உட்கார்ந்துவிட்டது. பதினோராயிரம் போனது. திரும்பக் கேட்டதற்கு நீங்கள் சொன்னபடிதானே அறுத்தோம் என்றார்கள்.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு மைனி சொல்லி இந்தப் பட்டறைக்குப் போனேன். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில், பிரானூர் பார்டருக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்க வேண்டும். பெயர்ப் பலகை கிடையாது. ஆசாரியும் அவர் தம்பியும் ஒரு பையனும், அவ்வளவுதான் ஆள். பட்டறைக்குள் நுழைந்ததும் மரத்தூள் வாசனையோடு இடித்த வீடுகளின் பழைய தேக்குச் சட்டங்கள் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. புது மரத்தைச் சரியாகக் காய வைக்காமல் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும். அறுபது எழுபது வருஷம் ஒரு வீட்டில் நின்ற தேக்கு முறுக்குவதையெல்லாம் முறுக்கி முடித்திருக்கும்.

போட்டோவை வாங்கிப் பார்த்தவர் விலை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். எந்தத் திசை பார்த்த வாசல்? உள்ளே திறக்கணுமா வெளியே திறக்கணுமா? மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? அப்புறம் சொன்னார்: “டீச்சர், இது ஒரு கதவு இல்ல, ரெண்டு கதவு. நிலை மட்டுந்தான் ஒண்ணு. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் துட்டு பேசணும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் வேலை நடக்கும்போதுதான் புரிந்தது. இரண்டு பாதிக்கும் தனித்தனியாக நாலு பக்கமும் சட்டம், தனித்தனியாகப் பலகை. கீல் மொத்தம் நாலு, நாலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று நூலளவு தள்ளினாலும் தனித்தனியாகத் திறக்கும்போது தெரியாது, சேர்த்துக் கொண்டி போட்டுத் திறந்தால் இழுக்கும். நான் சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னேன். அவர் என்னைப் பட்டறைப் பலகை முன்னால் நிற்க வைத்து, கையை ஊன்றிப் பேசுகிற மாதிரி நிற்கச் சொல்லி, முழங்கை உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். மூன்றடி ஒரு அங்குலம் வந்தது. ஆறே முக்கால் அடிக் கதவில் சரிபாதியை விட மூன்றரை அங்குலம் கீழே. அந்த மூன்றரை அங்குலம்தான் இன்றைக்கு நான் தோள்பட்டை வலிக்காமல் அரை மணி நேரம் நின்று பேசக் காரணம்.

அடுத்து அந்த நடு இடுக்கு. இந்தக் கதவில் மொத்த வித்தையும் அங்கேதான். உள்ளே திறக்கிற கதவு என்பதால் மேல் பாதியின் வெளிப்பக்கத்தைக் கீழ்ப் பாதியின் மேல் இறக்கி மூட முடியாது, திறக்கும்போது இடிக்கும். அவர் செய்தது இது: வெளிப்பக்கம், இடுக்குக்குச் சற்று மேலே, மேல் பாதியில் ஒன்றரை அங்குலம் முன்னால் நீட்டி ஒரு சட்டம் அடித்து, அதன் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது ஒரு மெல்லிய பள்ளம், எடுத்தார். மேலிருந்து வழிகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே ஏற முடியாமல் அங்கேயே சொட்டி விழுகிறது. உள்பக்கம் மேல் பாதியிலிருந்து ஒரு மெல்லிய பட்டை இடுக்கை மறைத்துக் கீழே இறங்குகிறது, காற்றும் வெளிச்சமும் அதில் நின்றுவிடும். மாட்டி முடித்ததும் வெளியே நின்று நாலு குடம் தண்ணீரைக் கதவின் தலையிலிருந்து ஊற்றிக் காட்டினார், உள்ளே நான் விரித்து வைத்த பேப்பர் நனையவில்லை. அந்தப் பட்டை இருப்பதால் மேலே மட்டும் தனியாகத் திறக்கும், கீழே மட்டும் தனியாகத் திறக்காது. எனக்கு அதுவும் நல்லதாகவே போயிற்று, மேல் பாதி மூடியிருக்கும்போது பிள்ளை கீழ்க் கதவை இழுத்துக்கொண்டு போக முடியாது.

வேலை நடக்கும்போது பழைய கதையெல்லாம் சொன்னேன். சியர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1908 முதல் 1940 வரை ஒரு வீட்டுக்கான சாமான் முழுவதையும், பிற்பாடு மரத்தை அளவுக்கு அறுத்தே, படம் போட்ட கையேட்டோடு ரயிலில் அனுப்பிவைத்தது, அதில் டச்சுக் கூரை வீடும் உண்டு என்று சொன்னபோது இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “மரம் மாறிரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருப்பாங்களே டீச்சர்?” என்றார். போட்டுத்தான் அனுப்பினார்கள். கேட்டதுமே அது அவருக்குத் தோன்றியது எனக்கு மிகவும் பிடித்தது.

செலவு. பழைய தேக்கு 19,000, கூலி 11,000, கீல் கொண்டி வகையறா 3,200, வண்டி வாடகையும் மாட்டுக்கூலியும் 1,800. மொத்தம் 35,000. நிலை மாமனார் காலத்து வேங்கை, அதை மாற்றவில்லை. அதே மரத்தில் ஒற்றைக் கதவு என்றால் ஏழெட்டாயிரம் குறைந்திருக்கும் என்று அவரே சொன்னார். ஏமாந்த பதினோராயிரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது, இந்த முப்பத்தையாயிரத்துக்கு எரியவில்லை.

குறை உண்டு. இருபது நாள் என்று சொன்னவர் நாற்பத்தைந்து நாள் ஆக்கினார். தை மாதம், கல்யாண வீட்டுக் கட்டில் வேலை என்று காரணம் சொன்னார், முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆடியில் மேல் பாதி காற்றுக்குப் படபடவென்று அடித்தது, சுவரில் கொக்கி வைக்க முதலில் அவருக்குத் தோன்றவில்லை, நான் போன் பண்ணிக் கேட்ட பிறகு வந்து வைத்தார். ஐப்பசியில் மேல் பாதி கொஞ்சம் உப்பி நிலையில் பிடித்தது. வந்து இரண்டே இழைப்பு இழைத்துவிட்டுப் போனார், பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். கீழ்ப் பாதி இன்று வரை அசையவில்லை. கீழ்ப் பாதியின் உள்பக்கம் ஐந்து அங்குல அகலத்தில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார், கருவேப்பிலை உருவ, பால் சொம்பு வைக்க அவ்வளவு வசதி, ஆனால் மேல் கதவை மூடுவதற்கு முன் தட்டைக் காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடித்துத் தள்ளிவிடும்.

பெரிய குறை கதவுடையது அல்ல, ஊருடையது. குரங்கு. மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் இதை யோசிக்காமல் செய்யாதீர்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் கீழ்ப் பாதி போதும், குரங்குக்கு மேல் பாதிதான் வாசல். இரண்டு தடவை வாழைத்தார் போயிற்று. இப்போது மேல் பாதிக்குத் தனியாக ஒரு கம்பிவலைச் சட்டம் செய்யச் சொல்லியிருக்கிறேன், அதற்கு 4,500 பேசியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொசுவுக்கும் அது உதவும். குரங்கு வராத பாளையங்கோட்டை, வீரவநல்லூர் பக்கத்து ஆட்கள் வலை இல்லாமலே வைக்கலாம். முன்வாசலுக்குத் தனிக் கதவாக இதை நான் சொல்ல மாட்டேன், இரண்டு துண்டாக இருக்கிற கதவுக்குப் பூட்டும் இரண்டு வேண்டும். கிரில் கேட் இருந்தால் பரவாயில்லை.

மற்றபடி எனக்கு என்ன கிடைத்தது என்றால், காலையில் மேல் பாதியைத் திறந்ததும் வெயில் அடுப்பு மேடை வரை வருகிறது, லைட் போடுவதில்லை. பூக்காரி முன்வாசலுக்குப் போவதை விட்டுவிட்டு முடுக்கு வழியாக வருகிறாள், முழம் போட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். பக்கத்து வீட்டு மைனி குழம்பு வாங்க வருவாள், கீழ்க் கதவில் கையை ஊன்றுவாள், நானும் இந்தப் பக்கம் ஊன்றுவேன். “உள்ள வாங்க மைனி” என்றால், “இல்ல இல்ல, சோலி கிடக்கு, போணும்” என்பாள், அப்புறம் அரை மணி நேரம் பேசுவாள். முழுக்கதவாக இருந்தபோது உள்ளே வரணுமா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். மார்கழியில் மகள் வருகிறாள், பேத்தி இப்போது நடக்கிறாள், தட்டு அவள் எட்டுகிற உயரத்துக்கு மேலே இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், மதியம் அவர் வேலை பார்க்கப் போய்விடுவார். பழைய மரம்தான் வேண்டும் என்று கேட்டு, சட்டத்தை நீங்களே தட்டிப் பாருங்கள். வாசல் எந்தத் திசை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். மழைக்கு முன் வேண்டுமென்றால் ஆவணிக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், சொன்ன தேதிக்கு ஒரு மாதம் கூட்டியே கணக்குப் போடுங்கள். போட்டோ எல்லாம் வேண்டாம், கடையம் டீச்சர் வீட்டுக் கதவு மாதிரி என்று சொன்னால் அவருக்குப் புரியும்.